இரக்கம் என்பது ஒரு கணக்குச் சொல்

ஆகஸ்டு கடைசி நாள். நாளை எங்களுக்குப் புத்தாண்டு.
கான்ஸ்டான்டிநோபிளில், பொதுக் கருவூலத்தின்
கிழக்குக் கூடத்தில்
பதினோரு பேர் குனிந்து பிரதி எடுக்கிறோம்.
மை காய்வதற்குள் ஈ வந்து உட்கார்ந்துவிடுகிறது.

எங்களுக்கு மேலே லோகோதீத்.
அவரை வேவு பார்க்க சக்கெல்லாரியோஸ்.
அவருக்கும் மேலே, சிவப்பு மையில்
கையெழுத்து மட்டும் போடும் ஒருவர்.
எங்களுக்குக் கீழே, கழுதையில் போய்
கயிறு பிடித்து நிலம் அளந்து,
பேதியோடு திரும்பிவரும் எபோப்தீஸ்.
அவருக்கும் கீழே யார் என்று
இந்தக் கூடத்தில் எவரும் கேட்டதில்லை.

வேலைக்கு வந்த புதிதில்
சொற்களை நம்பி ஏமாந்தேன்.
'வழக்கம்' என்றால்
தண்டல்காரர் மடியில் விழ வேண்டிய காசு.
'புகை' என்றால் அடுப்புக்கு இரண்டு வெள்ளி.
'இரக்கம்' என்றால்
ஓடிப்போனவன் நிலத்துக்கு
முப்பது வருஷம் வரி நிறுத்திவைப்பு.
அதற்குள் வாரிசு வந்தால் நிலம் அவனுக்கு.
வராவிட்டால்
ஊரிலிருந்து அறுத்தெடுத்து அரசு விற்கும்.

இன்று என் மேசைக்கு வந்த கற்றை பாஃப்லகோனியா.
கார்சேயா என்ற ஊர்.
ஒன்பதாவது வரி:
'தராசியோஸ். ஒரு ஏர் நிலம்,
ஓடையோரம் ஆலையில் பாதி.
ஆள் இல்லை. இரக்கம்.'

தராசியோஸ் என் அப்பா.

எனக்கு நாலு வயது அப்போது.
எருதின் கழுத்து மணிக்குள்
வைக்கோல் திணித்தது நினைவிருக்கிறது.
பிறகு எருதையே விட்டுவிட்டுப் போனோம்.
அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை,
தின்றுகொண்டிருந்தது.

இரக்கம் உடனே வருவதில்லை.
எபோப்தீஸ் போய்ச் சேர ஏழு வருஷம் ஆயிற்று.
அதுவரை யார் கட்டியது?
பழைய கற்றையை இறக்கிப் பார்த்தேன்,
தேவையில்லாத வேலை.

'போத்தோஸ், அடுத்த நிலத்துக்காரன்.
தன் வரி. இல்லாதவன் வரி.'
அடுத்த வருஷமும் அதே.
ஆறு தடவை அதே.

எங்கள் விதி ஒன்று உண்டு:
வரி, பொன்னில் மூன்றில் இரண்டைத் தாண்டினால்
முழுப் பொன்னாகத் தர வேண்டும்.
மீதியைச் செம்பாகத் திருப்பித் தருவோம்.
போத்தோஸின் சொந்த வரி அரைப் பொன்.
அப்பாவின் கால் சேர்ந்ததும் கோடு தாண்டிவிட்டது.
செம்பு மட்டுமே பார்த்த கை
ஆறு இலையுதிர் காலம் பொன் தேடி அலைந்திருக்கிறது.
யாரிடம் தேடினான், எதை விற்றான் என்பதற்கு
பத்தி கிடையாது.

ஏழாம் வருஷம் அவன் பெயர் இல்லை.
'அந்தூசா, விதவை. புகை மட்டும்.'

என் சம்பளம் ஈஸ்டருக்கு முந்திய வாரம் வரும்.
பொன்னாகத்தான் வரும்.

"ஒன்பதாவதுக்கு வாரிசு உண்டா?"
சிசின்னியோஸ் கேட்டார். தலைமை எழுத்தர்,
கேள்விக்கு நிமிர்வது அவர் வழக்கமில்லை.
விளக்கேற்றும் வரை நேரம் இருந்தது.
ஓடை இருந்தது. ஆலையில் பாதி இருந்தது.
நாக்கு நுனியில் என் பெயர் இருந்தது,
மாதுளை விதை மாதிரி.

"இல்லை ஐயா" என்றேன்.

'அறுக்கப்பட்டது' என்று எழுதினேன்.
விற்கும்போது முதலில் கேட்கப்பட வேண்டியவர்
எல்லையோரத்தவர். அது சட்டம், என் தயவு அல்ல.
அவர் பெயரையும் எழுதினேன்:
'போத்தோஸ் மகன் கோனோன்.'
அவனிடம் வாங்கப் பொன் இருக்குமா,
இல்லை, பக்கத்து மலைப் பிரபு முந்திக்கொள்வாரா
என்று தெரியாது.
எழுத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தினேன்.

சிசின்னியோஸ் கற்றையை வாங்கி
வெளிச்சத்தில் பிடித்தார்.
"இந்தப் பெயர் மட்டும் ஏன் இவ்வளவு பெரிது?"

"கண் மங்குகிறது ஐயா."

"பார்த்து எழுது" என்றார்.
"வரி கோணுகிறது."